கீழ்க்குட்டை நிறைந்துவிட்டது, அக்கா

செம்மண் செருப்போடு அடுப்படிவரை வந்து, அம்மாவிடம் எத்தனை முறை திட்டு வாங்கியும் திருந்தாத என் மஞ்சு அக்காவுக்கு,

கீழ்க்குட்டை நிறைந்துவிட்டது.

இதை நல்ல செய்தியாகச் சொல்ல முடியும் என்று நினைத்திருந்தேன். ஆடி மாதம், ஒரே ஒரு மழை. சாயங்காலம் பிடித்து, நாங்கள் சாப்பிட்டு எழுவதற்குள் விட்டுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் கரையின் கழுத்துவரை தண்ணீர்.

நீ இருந்தபோது அந்தக் குட்டை நிறைய ஐப்பசிவரை காத்திருப்போம். நிறையாமலே போன வருடங்களும் உண்டு. அப்போதெல்லாம் நீ கரையில் குந்தி, அடியில் கிடக்கும் பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "மெதுவா வரட்டும் பாப்பா, என்ன அவசரம் அதுக்கு" என்பாய்.

இந்தத் தண்ணீர் மெதுவாக வரவில்லை.

எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சரிவில் மேலே ஏறினேன். அந்த வழி உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு குன்றின் சரிவு. பாறை. வேம்பு, உசிலை, புங்கன். நடுவில் எங்கும் உண்ணிப்புதர். அப்பா விட்டுப்போன நிலம். உழ முடியாது, விற்கப்போனால் வாங்க ஆள் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே, வார விடுமுறை நாள்களில் நீ அங்கே குழி வெட்டினாய். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், மரங்களைச் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்து போகும் நீளக் குழிகள். மேலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் அதில் நிற்கும். மண்ணுக்குள் இறங்கும். மிஞ்சினால் அடுத்த குழி. அதற்கும் மிஞ்சினால் மேல்குட்டை. கடைசியில் கீழ்க்குட்டை.

"மஞ்சுளா பாம்புக்கு ரோடு போடறா" என்றார் சித்தப்பா. ஊரில் அதற்குப் பாம்புக்குழி என்றே பேராகிவிட்டது. நீயும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாய். மூன்றாம் வருடம் வேம்புகள் சித்திரையிலும் பச்சையாக நின்றன. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பேர் மட்டும் நின்றுவிட்டது.

மட்டம் பார்க்க என்னைக் கூப்பிடுவாய். கொத்தனார்கள் வைத்திருக்கும் நீளமான ட்யூப். அதில் தண்ணீர் நிரப்பி, பார்க்கத் தெரிய வேண்டும் என்று இரண்டு சொட்டு நீலம் விடுவாய், துணிக்குப் போடுவோமே, அதேதான். ஒரு முனை உன்னிடம், மறு முனை புதருக்கு அந்தப் பக்கம் என்னிடம். உன் முனையில் நீலம் எந்த உயரத்தில் நிற்கிறதோ, என் முனையிலும் அதே உயரத்தில் நிற்கும். அதை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே போவாய்.

நான் ஒவ்வொரு முறையும் ஒரே தப்பைச் செய்வேன். தண்ணீர் கொட்டிவிடுமோ என்று ட்யூபின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வேன். மூடினால் நீலம் அசையாது. பொய் மட்டம் காட்டும்.

"அடியே, கட்டைவிரல எடுடி!" புதருக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல். "அது மூச்சு விட வேணாமா?"

இப்போது மேலே போனேன் என்றேனே. குன்றின் தலை இல்லை, அக்கா.

நீ இருக்கும்போதே அளக்க வந்தார்கள். மஞ்சள் கல் நட்டார்கள். "இந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குது, படிச்சவளே சொல்லு" என்று கேட்டாய். நம்பர்தான் இருந்தது. நீ போன பிறகு பொக்லைன்கள் வந்தன. நாங்கள் காரியம் முடித்து, முப்பதுக்குப் படைத்து, வீட்டுக் கதவை மறுபடி திறந்தபோது குன்று தட்டையாகியிருந்தது. இப்போது அங்கே ஒரு பெரிய ஷெட். தகரக் கூரை. சுற்றிலும் கான்கிரீட் தளம், லாரி திரும்ப. முன்பு அங்கே ஒரு சொட்டு விழுந்தால் புல், வேர், கல், சருகு என்று எத்தனை இடத்தில் தங்கி வந்திருக்கும்? இப்போது தங்க இடமில்லை. கூரையிலிருந்து இறங்கும் குழாய்கள் எல்லாம் நம் பக்கம் வாயைத் திருப்பியிருக்கின்றன.

உன் முதல் குழி இப்போது குழியாக இல்லை. மேலே சமமாக்கியபோது தள்ளிய செம்மண்ணும் ஜல்லியும் அதில் நிறைந்திருக்கின்றன. இரண்டாவது பாதி. அன்றைய மழை இரண்டையும் தாண்டிக் குதித்து, மேல்குட்டையின் ஓரத்தை அறுத்துக்கொண்டு, நேராகக் கீழே வந்திருக்கிறது. வந்த வழியில் ஒரு புங்கன் வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர்களில் மண் இல்லை. கழுவி வைத்ததுபோல வெள்ளையாக இருந்தன.

கேட்டில் காவலுக்கு இருந்தவரிடம் சொன்னேன். நல்ல மனிதர், போச்சம்பள்ளிப் பக்கம் ஊராம். பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"மேடம், கம்பெனித் தண்ணி விட்டிருந்தா சொல்லுங்க, நானே உள்ள சொல்றேன். இது மழைத்தண்ணி. மழைத்தண்ணி வருதுன்னு கம்ப்ளைன்ட் குடுக்க வந்த மொத ஆளு நீங்கதான்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். அதை எப்படித் தப்பென்று சொல்வேன்? குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற ஊர். ஆடியிலேயே குட்டை நிறைந்தால் அது கங்கம்மா வந்ததுதான். வெள்ளிக்கிழமை பூஜை வைத்தார்கள். கரைமேல் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, அரிசிமாவு விளக்கை வாழைமட்டையில் வைத்துத் தண்ணீரில் விட்டார்கள். தமிழில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒரு பாட்டு, கன்னடத்தில் பாதிப் பாட்டு. அம்மா உன் பச்சைச் சேலையைக் கொண்டுவந்து அந்தக் கல்லுக்குச் சுற்றினாள். எனக்குச் சொல்லாமல் கொண்டுவந்திருந்தாள்.

உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். நீ இருந்தவரை அந்த நிலத்தில் அம்மா கால் வைக்கவில்லை. "பொட்டப்புள்ள மம்பட்டி புடிச்சிகினு மலைமேல நிக்கறா, எவன் வந்து கேப்பான்" என்று வீட்டிலேயே உட்கார்ந்து புலம்புவாள். இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் வழியில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒரு லாரி உன்னைப் பார்க்காமல் போனதே, அதற்குப் பிறகுதான் அம்மா இங்கே வர ஆரம்பித்தாள். சாயங்காலமானால் கரையில் வந்து உட்காருவாள். குட்டை காய்ந்து கிடந்தபோதும் வந்தாள். நிறைந்த பிறகு பேசவும் ஆரம்பித்தாள். என்ன பேசுகிறாள் என்று நான் பக்கத்தில் போய்க் கேட்டதில்லை.

பூஜை போட்ட கரைக்கு ஒரு கட்டு உண்டு. உனக்குத் தெரிந்ததுதான். தண்ணீர் தானாக இறங்கும்வரை அந்தக் கரையில் இரும்பு படக்கூடாது. மம்பட்டி, கடப்பாரை, எதுவும். மீறினால் கங்கம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவாள்.

பூஜை முடிந்த கையோடு சித்தப்பா மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து கோடியை அடைத்தார்.

கோடி. குட்டை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரையைத் தொடாமல் ஓரமாக வழிந்து ஓடைக்குப் போக நீ தாழ்வாக விட்டுவைத்த வாய். அடியில் கல் பதித்தாய். கல் பதிக்க நம் வீட்டு அம்மியைக்கூடக் கேட்டாய், அம்மா தரவில்லை. அந்த வாயில் இரண்டு வரிசை மூட்டை அடுக்கினார்கள். யாரும் தடுக்கவில்லை. ஊரே கைகொடுத்தது.

"மஞ்சு சேத்த தண்ணி" என்றார் சித்தப்பா. கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு இல்லை. "ஒரு சொட்டு வெளிய போவக்கூடாது."

வழிந்து போகிற தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க இந்த ஊரால் முடியாது. வேறு ஊரில் இந்தத் தப்பை யாராவது செய்வார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். தண்ணீரை அதிகம் பார்த்தவர்கள் செய்யமாட்டார்கள்.

நானும்தான் நின்றிருந்தேன். எனக்கும் அது அழகாகவே இருந்தது. வானம் முழுதும் குட்டைக்குள் இருந்தது.

ஆவணியில் ஒரு நாள் சுனிதா என்னைத் தேடி வந்தாள்.

சுனிதாவை உனக்குத் தெரியாது. கரைக்குக் கீழே, ஓடை போகும் பள்ளத்தில், சித்தப்பா லைன் வீடு கட்டியிருக்கிறார். ஹாலோ பிளாக் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வரிசையாக அறைகள். எல்லாம் கம்பெனிகளுக்கு கான்ட்ராக்டில் வந்தவர்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், நம் பக்கம் திருவண்ணாமலையிலிருந்தும் ஒரு குடும்பம். சுனிதா ஜார்க்கண்ட். புருஷன் ஷிப்டுக்குப் போவான், இவளுக்குக் கைக்குழந்தை. தமிழை லைனில் உள்ள பெண்களிடமே கற்றுக்கொண்டாள், அதனால் நம் ஊர்க்காரி மாதிரியே இழுத்துப் பேசுவாள்.

குட்டை நிறைந்த பிறகு கரையின் அடியில் ஓர் ஊற்று வந்திருக்கிறது. அவள்தான் முதலில் பார்த்தாள். சின்னதாக, விரல் தடிமனில், கண்ணாடி மாதிரித் தண்ணீர். கல் வைத்து, ஒரு பக்கெட் வைத்து, அங்கேயே துணி துவைக்க ஆரம்பித்தாள். லைனில் உள்ள மற்றவர்களும் வந்தார்கள். குழாய்க்குக் காத்திருக்க வேண்டாம் பார்.

அன்று அவள் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்க குட்டைத் தண்ணி கெட்டுப்போச்சு. இவரு யூனிஃபார்ம் பாரு."

வெள்ளைச் சட்டை. தோளிலிருந்து நுனிவரை செம்மண் நிறம்.

"எத்தனை வாட்டி சோப்பு போட்டேன் தெரியுமா? சூப்பர்வைசர் இவர டீக்கடையில வேல செய்றியான்னு கேக்கறானாம்."

அவள் சிரித்தாள். நான் சட்டையைக் கையில் வாங்கினேன். ஈரமாக இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தால் நுண்ணிய மண், மாவு மாதிரி.

கரை கட்டிய வருடம் நீ சொன்னது ஞாபகம் வந்தது. கரையில் கொஞ்சம் கசிவு இருந்தது, நான் பயந்துபோய் உன்னைக் கூப்பிட்டேன். நீ குனிந்து, கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "தெளிவாத்தான் வருது, விடு. எல்லாக் கரையும் கொஞ்சம் வேர்க்கும்" என்றாய். பிறகு நிமிர்ந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "கலங்கி வந்துச்சின்னா சொல்லு. அப்ப கரைய உள்ளருந்து தின்னுதுன்னு அர்த்தம்" என்றாய்.

கலங்கி வருகிறது, அக்கா. சொல்கிறேன்.

அன்றே போய்ப் பார்த்தேன். விரல் தடிமன் என்றேனே, இப்போது மணிக்கட்டு. அதற்கு நேர் மேலே கரையின் தலை கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. பழைய கட்டிலின் நடுவைப் போல. தெரிந்து பார்த்தால்தான் தெரியும். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் உன் பச்சைச் சேலை சுற்றிய கல்.

சித்தப்பாவைத் தேடிப் போனேன். டீக்கடையில் இருந்தார்.

"கோடி மூட்டைய எடுக்கணும் சித்தப்பா."

"எடுத்தா?"

"தண்ணி வழிஞ்சி போயிடும். கரைக்குப் பாரம் கொறையும்."

"எங்க போவும்?"

"ஓடைக்கு."

"ஓடையில என் லைன் வீடு இருக்குது. கண்ணு தெரியலியா உனக்கு?"

"ஓடையில ஏன் கட்டினீங்க?"

டம்ளரை வைத்தார். கோபப்படவில்லை. என்னைப் பார்த்துப் பாவப்பட்டார் என்றே தோன்றியது.

"ஓடையா? சாமி, நீயே சொல்லு. உங்கக்கா பாம்புக்குழி வெட்டினதுலருந்து, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அதுல தண்ணி போயி பாத்திருக்கியா? கால் நனைஞ்சிருக்குமா யாருக்காச்சும்? அப்புறம் எப்படி அது ஓடை?"

நான் பார்த்ததில்லை.

"கதப் புஸ்தகம் படிச்சி எம்.ஏ. வாங்கினவ, கரைக்கு வைத்தியம் பாக்க வந்துட்டா" என்றார் மற்றவர்களைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு டீ சொன்னார்.

அந்த டீயைக் குடித்தேன். திரும்பி நடக்கும்போதுதான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது. அவர் சொன்னது சரி. நீ மேலே தண்ணீரை நிறுத்தினாய். அது மண்ணுக்குள் போயிற்று. அதனால் கீழே ஓடை காய்ந்தது. புல் முளைத்து, பாதையாகி, நிலமாகி, கடைசியில் வீடானது. நீ நன்றாகச் செய்ததால் அங்கே சுவர் எழும்பியது. நீ சரியாக வெட்டிய ஒவ்வொரு குழியும் அந்தப் பள்ளத்தைப் பார்த்து, பயமில்லை, பயமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இதை உன்னிடம் யார் கேட்பது? கேட்டால் என்ன சொல்லியிருப்பாய்?

அம்மாவிடம் போனேன். சாயங்காலம். கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கரை கெட்டுப்போச்சு. தண்ணியக் கொறைக்கணும்."

"பூஜை போட்ட கரை."

"கீழ ஆளுங்க இருக்காங்கம்மா. கொழந்தை இருக்குது."

"அவ யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டா."

அவ. கங்கம்மாவைச் சொல்கிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"இத்தன வருசம் வயித்துக்குத் தின்னாம ஓடினா" என்றாள் அம்மா, தண்ணீரைப் பார்த்தபடி. "ஷிப்டு, குழி, ஷிப்டு, குழி. இப்பத்தான் ரொம்பி நிக்கறா. இப்பப் போயி அவள வெட்டச் சொல்றியா நீ?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. நமக்குக் கீழே, கால்களுக்கு அடியில், அது மண்ணைத் துளித்துளியாக எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குச் சத்தமில்லை. கீழே லைன் வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், விசில் கேட்டது.

மறுநாள் பாடம் எடுக்கக் கல்லூரிக்குப் போகவில்லை. மோட்டார் ஷெட்டில் தேடினேன். ட்யூப் ஆணியில் மாட்டியபடி இருந்தது. ஒரு முனையை எலி கடித்திருந்தது, அதை வெட்டிவிட்டேன். தண்ணீர் நிரப்பினேன். அலமாரியில் நீ வைத்த சொட்டு நீலம் காய்ந்திருந்தது. கடையில் புதிதாக வாங்கினேன். மலைப்பக்கம் கறுத்திருந்தது. வெயில் ஒரு மாதிரி மஞ்சளாக அடித்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் வெட்டல. ஒரு முனையப் புடி, போதும்."

சந்தேகத்தோடு வாங்கினாள். உன் ட்யூபை அவள் தொட்டது அதுதான் முதல் முறை. கரை உள்வாங்கியிருந்த இடத்தில், ஊற்றுக்கு நேர் மேலே, அவளை நிற்கவைத்தேன். ட்யூபைக் காலோரமாக நேராகப் பிடிக்கச் சொன்னேன். மறு முனையோடு நான் கோடிக்குப் போய், மேல்மூட்டையின் தலையில் வைத்துப் பிடித்தேன்.

நீலம் அசையவில்லை.

கொஞ்சம் ஏற்றினேன், இறக்கினேன். அசையவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா குனிந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ட்யூபின் வாயைக் கட்டைவிரலால் இறுக்கி மூடியிருந்தாள். ஒரு சொட்டு சிந்திவிடக் கூடாது என்று.

"கட்டைவிரல எடும்மா."

"கொட்டிடும்டி."

"கொட்டாது. எடு. அது மூச்சு விட வேணாமா?"

அது என் வாயிலிருந்து உன் குரலாக வந்தது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எத்தனை முறை நாம் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம், அவள் அடுப்படியிலிருந்து கேட்டிருப்பாள். விரலை எடுத்தாள்.

நீலம் குலுங்கியது. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே. பிறகு நின்றது. அவள் பாதம் இருந்த மண்ணுக்கு மேலே, கணுக்காலுக்கும் மேலே.

"இதென்னடி?"

"நான் மூட்டையோட தலையில புடிச்சிருக்கேன். மூட்டை வரைக்கும் தண்ணி ஏறினா, நீ நிக்கற எடத்துல கரைமேல அவ்ளோ தண்ணி ஓடும். மூட்டையத் தாண்டறதுக்கு முன்னாடியே கரையத் தாண்டிடும்."

அம்மா நீலத்தைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கரைக்கு அந்தப் பக்கம் கீழே. கொடியில் வெள்ளைச் சட்டைகள் காய்ந்தன, எல்லாமே லேசான செம்மண் நிறம். சுனிதா வாசலில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவளுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "தெரியாமலா கட்டினா?"

"அவ கோடியத் தாழத்தாம்மா வெச்சா. மூட்டை நாம வெச்சது."

மலைப்பக்கம் ஒரு முறை இடி உறுமியது. அம்மா ட்யூபை மெதுவாக, கொட்டாமல், கரைமேல் சாய்த்து வைத்தாள்.

"மூட்டை இரும்பு இல்லியே" என்றாள்.

"இல்ல."

"கை இரும்பு இல்லியே."

சேலையைத் தூக்கிச் செருகினாள்.

முதலில் நான் கீழே ஓடினேன். லைனில் இருந்தவர்களை எழுப்பினேன். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கியவர்கள் திட்டினார்கள், நான்கு மொழியில். சுனிதா எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், குழந்தையை இடுப்பில் வைத்தாள், கேஸ் அடுப்பை ஒரு கையில் எடுத்தாள். "சமுதாயக் கூடமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் போனதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள்.

மேலே வந்தபோது அம்மா ஏற்கெனவே மேல்வரிசையில் பாதியை இழுத்துப் போட்டிருந்தாள். சேலை முழுக்கச் சேறு. இருவரும் மீதியை இழுத்தோம். கடைசி மூட்டை நகர்ந்ததும் தண்ணீர் நாக்கை நீட்டுவதுபோல வந்தது. நீ பதித்த கல்லைத் தொட்டது. பிறகு போக ஆரம்பித்தது. ஓடை என்று யாரும் நம்பாத வழியில், அது எதையும் யோசிக்காமல், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, நேராகப் போய் லைன் வீட்டின் கடைசி அறைக்குள் நுழைந்தது.

சித்தப்பா ஓடிவந்தார். கரைமேல் சேற்றோடு நின்ற அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அண்ணியிடம் அவர் இதுவரை குரல் உயர்த்தியதில்லை. என்னிடம் மட்டும், "சந்தோஷமா?" என்றார்.

அன்று பெய்த மழையில் குட்டை மறுபடி ஏறியது. மிச்சம் கோடி வழியே போனது. கரை நின்றது.

இங்கே கடிதத்தை முடித்துவிட ஆசை, அக்கா. முடியவில்லை.

ஊற்று இன்னும் நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. சில நாள் தெளிந்து வருகிறது, சில நாள் கலங்குகிறது. சேறு காய்ந்ததும் எல்லாரும் லைன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். வேறெங்கே போவார்கள்? கடைசி அறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் சித்தப்பா வெள்ளையடித்தார். சுண்ணாம்பு காய்ந்ததும் கோடு மறுபடி தெரிகிறது. சுனிதாவிடம் வேறு இடம் பார்க்கச் சொன்னேன். "அட்வான்ஸ் குடுத்தாச்சே அக்கா" என்றாள். பிறகு, என்னைத் தேற்றுவதுபோல, "உங்கம்மா மேல இருக்காங்கல்ல" என்றாள்.

போன வாரம் ஒரு காலையில் கோடியில் இரண்டு மூட்டை இருந்தது. யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. எடுத்துப் போட்டோம். இன்று காலையும் ஒன்று இருந்தது. மணல் இன்னும் ஈரமாக இருந்தது.

மேலே இரண்டாவது ஷெட்டுக்குத் தூண் எழும்பிவிட்டது. முதல் ஷெட்டைவிட நீளம். கூரை போடவில்லை இன்னும். போட்டுவிட்டால் அந்தத் தண்ணீருக்கும் இந்தக் குட்டைதான். புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி முழுதாக இருக்கிறது. உன் முதல் குழியில் மண் அள்ள ஆரம்பித்திருக்கிறேன், கல்லூரி இல்லாத நாள்களில். அள்ள அள்ள வருகிறது. அடியில் உன் கோடு தெரிகிறதா என்று பார்க்கிறேன். இன்னும் தெரியவில்லை.

அம்மா இப்போதும் சாயங்காலம் கரைக்குப் போகிறாள். பேசுவதில்லை. கோடிப் பக்கமாக உட்கார்ந்து, தண்ணீர் போவதைப் பார்க்கிறாள். நேற்று நான் பக்கத்தில் போனபோது, "போறவள எப்படிப் புடிச்சி வெக்கறது" என்றாள். எனக்குச் சொன்னாளா, உனக்கா என்று தெரியவில்லை.

கரையைக் காப்பாற்றுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அது என் கையில் இல்லை. மேலே எத்தனை கூரை வரும் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கோடியில் ஒரு மூட்டை விழுந்தால் அதை எடுப்பேன், அடுத்த நாள் விழுந்தால் அடுத்த நாளும். மலைப்பக்கம் கறுத்தால் கீழே போய் ஒவ்வொரு கதவையும் தட்டுவேன், அவர்கள் எந்த மொழியில் திட்டினாலும். யாரும் தூங்கும்போது உன் தண்ணீரை அவர்கள் வீட்டுக்குள் நுழைய விடமாட்டேன். ஊற்றில் தினமும் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பார்ப்பேன். இன்றைய துணி கொடியில் காய்கிறது. எழுதிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிச்சம் மறுபடி மஞ்சளாகிறது, அதனால் என்ன நிறம் என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டைவிரலை எடுத்துவிட்டு,
ட்யூபின் இந்த முனையில் நிற்கும்
உன் தங்கை.